தண்ணீர் முதிரட்டும், இறால் பிறகு வரட்டும்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, என் வீட்டு இறால் தொட்டியைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதைத் தொட்டு வந்த கடிதங்களே இம்முறை பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டன. பாதிக்கு மேற்பட்டவர்கள் கேட்பது ஒன்றுதான்: ஏன் செத்துப்போகின்றன? அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அம்மா, 30 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் மணல் போட்டு, இரண்டு செடி நட்டு, ஒரு நாள் பிடித்துவைத்த தண்ணீரை ஊற்றினேன். மறுநாள் 15 செர்ரி இறால் (அழகுக்கு வளர்க்கும் சின்ன நன்னீர் இறால்) விட்டேன். ஐந்தாம் நாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தண்ணீர் பளிங்குபோலத் தெளிவாகத்தான் இருந்தது. எங்கே தவறு செய்தேன்?

பதில்: அந்தத் தெளிவை நம்பியதுதான் தவறு. அமோனியாவுக்கு நிறம் கிடையாது. இறாலின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அது தண்ணீரில் சேர்ந்துகொண்டே இருக்கும். பழைய தொட்டியில் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவது, அளவோடு இருந்தால் தாங்கக்கூடியது. நேற்று நிரப்பிய தொட்டியில் அந்த பாக்டீரியாக்கள் இன்னும் குடியேறியிருக்காது. மணலிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

என் முதல் தொட்டிக்கும் இதே கதிதான். 20 இறால் விட்டேன். மூன்றாம் நாள் காலை விளக்கைப் போட்டபோது, கண்ணாடிபோல ஊடுருவித் தெரிந்த உடல்கள் எல்லாம் வெந்ததுபோல வெளிறி மணலில் கிடந்தன. வெகுநேரம் அந்தத் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு தண்ணீரைச் சோதிக்காமல் ஓர் உயிரைக்கூட உள்ளே விட்டதில்லை.

மறுபடி தொடங்குங்கள். ஃபில்டரை ஓடவிட்டு, இறாலே இல்லாத தொட்டியில் ஒரு சிட்டிகை மீன் தீனியை இரண்டு நாளுக்கு ஒருமுறை போடுங்கள். அது அழுகி அமோனியாவைத் தரும், பாக்டீரியா அதைத் தின்று வளரும். சோதனைக் கிட் வாங்கி வாரம் ஒருமுறை பாருங்கள். அமோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யத்தில் நின்று, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த நைட்ரேட்டும் 20 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) கீழே இருக்கும்படி கொஞ்சம் தண்ணீரை மாற்றிவிடுங்கள்.

மீதிப் பாதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கண்ணாடியில் பச்சைப் பாசி லேசாகப் படர வேண்டும். கல்லையும் இலையையும் தொட்டால் வழுவழுவென்று ஒரு படலம் விரலில் தட்டுப்பட வேண்டும். இறால் நாள் முழுக்க மேய்வது அந்தப் படலத்தைத்தான். அது வர இன்னும் இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். காலியான தொட்டியைப் பார்த்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்திருப்பது கஷ்டம்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் காத்திருங்கள்.

இன்னொன்று, ஒரு நாள் பிடித்துவைத்தால் குளோரின் போய்விடும், குளோரினோடு அமோனியா சேர்ந்த குளோரமின் போகாது. உங்கள் குழாய்த் தண்ணீரில் எது கலக்கிறார்கள் என்று தெரியாவிட்டால், குளோரின் நீக்கும் மருந்தை அளவாக ஊற்றிவிடுவதே நல்லது. இறாலை விடும்போதும் பையோடு கவிழ்க்காதீர்கள். அவற்றை ஒரு பாத்திரத்தில் விட்டு, ஏர் பம்ப் குழாயில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை நொடிக்கு இரண்டு சொட்டு வீதம் இரண்டு மணி நேரம் சொட்டவிடுங்கள். பிறகு இறாலை மட்டும் வலையால் எடுத்து உள்ளே விடுங்கள்.

கேள்வி: குஞ்சு பொரிக்க வைக்க எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும், எத்தனை இறாலோடு தொடங்கலாம்?

பதில்: 20 லிட்டருக்குக் குறைய வேண்டாம். 40 இருந்தால் இன்னும் நிம்மதி, தண்ணீர் சட்டென்று மாறாது. 10 முதல் 15 இளம் இறால் போதும். சிறு வயதில் வாங்கினால் உங்கள் தண்ணீரிலேயே வளர்ந்து பழகிவிடும். ஆணும் பெண்ணும் அதில் தானாகவே கலந்திருக்கும்.

கேள்வி: என் செர்ரி இறால் இரண்டு முறை வயிற்றில் முட்டை சுமந்ததைப் பார்த்தேன். பிறகு முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை. தொட்டியின் விளிம்பில் மாட்டும் ஃபில்டர் போட்டிருக்கிறேன். கூடவே நான்கு கப்பி மீன்கள் இருக்கின்றன.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரியிலேயே விடை இருக்கிறது. அதற்கு முன் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பார்ப்பதைவிட எனக்குப் பிடித்த காட்சி தொட்டியில் வேறு இல்லை.

பெண் இறாலின் தலைக்குப் பின்னால், முதுகுப் பக்கம், மஞ்சளாகவோ பச்சையாகவோ சேணம் வைத்ததுபோல ஒரு திட்டுத் தெரியும். அது சூலகத்தில் வளரும் முட்டை. அடுத்த முறை அவள் சட்டை உரித்ததும் தண்ணீரில் ஒரு வாசனை பரவும். உடனே ஆண்கள் எல்லாம் பைத்தியம் பிடித்ததுபோலத் தொட்டி முழுக்க நீந்தித் தேடும். புதிதாகப் பார்ப்பவர்கள் தண்ணீரில் ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து எனக்கு எழுதுவார்கள். பயப்பட வேண்டாம், சில மணி நேரத்தில் அடங்கிவிடும். இணைந்த பிறகு முட்டைகள் வயிற்றடியில் உள்ள நீச்சல் கால்களுக்கு இறங்கும். பெரும்பாலும் 20, 30 இருக்கும். அவற்றை அவள் ஓயாமல் விசிறிக்கொண்டே இருப்பாள். காற்றோட்டம் கொடுக்கவும் பூஞ்சை பிடிக்காமல் காக்கவும்தான் அந்த விசிறல். மூன்று நான்கு வாரம் கழித்து, 2 மில்லிமீட்டர் அளவில், அம்மாவை அப்படியே சுருக்கி வைத்ததுபோலக் குஞ்சுகள் வெளியே வரும். பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கும்.

அந்த 2 மில்லிமீட்டர் குஞ்சுக்கு உங்கள் ஃபில்டரின் உறிஞ்சும் வாய் ஒரு சுரங்கம். இன்றே அதற்கு ஒரு ஸ்பாஞ்ச் உறை போடுங்கள். முடிந்தால் ஏர் பம்பில் ஓடும் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கே மாறிவிடுங்கள். விலை குறைவு, குஞ்சு போகாது, ஸ்பாஞ்சின் மேலேயே மேயவும் செய்யும். கப்பிகளை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். பெரிய இறாலை அவை ஒன்றும் செய்யாது, குஞ்சைப் பார்த்தால் விடாது. பிறகு ஒரு கைப்பிடி ஜாவா மாஸ் என்ற நீர்ப்பாசிச் செடியைப் போடுங்கள். குஞ்சுகள் முதல் சில வாரம் அதை விட்டு வெளியே வருவதில்லை, ஒளிவதும் தின்பதும் அதற்குள்ளேதான்.

முதல் ஈற்றில் சில பெண்கள் முட்டையை உதிர்த்துவிடுவதும் உண்டு. அதற்காகத் தண்ணீரில் எதையும் மாற்ற வேண்டாம், அடுத்த முறை சரியாகிவிடும்.

கேள்வி: ஆரம்பத்தில் இருந்தே சுத்தமான ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றுகிறேன். ஆனால் கழுத்தில் வெள்ளை வளையம் விழுந்து இதுவரை ஆறு இறந்துவிட்டன. இது என்ன நோய்?

பதில்: நோயில்லை, சட்டை உரிக்க முடியாமல் போன சாவு. சாதாரணமாகக் கழுத்துக்குப் பின்னால் முதுகுப் பக்கம் மட்டும் ஓடு பிளக்கும், அந்த வழியாக இறால் ஒரே துள்ளலில் வெளியே வந்துவிடும். உங்கள் இறால்களுக்கு ஓடு சுற்றிலும் பிளந்துவிட்டது. அதிலிருந்து அவற்றால் வெளியே வர முடியாது.

ஆர்.ஓ. தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் ஏறக்குறைய இல்லை. ஓடு கட்ட இறாலுக்கு அவை வேண்டும். செர்ரி இறாலுக்கு ஜிஎச் (கால்சியம், மக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை) 6 முதல் 8 இருந்தால் நல்லது, கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) 2 முதல் 5, பிஎச் (அமில, காரத் தன்மை) 6.5 முதல் 7.8. இறாலுக்கென்று விற்கும் தாது உப்பைக் கலந்து, சில வாரங்களில் மெதுவாக அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் ஏற்றினால் அந்த அதிர்ச்சியிலேயே நேரம் வராமல் சட்டை உரிக்கத் தொடங்கிவிடும்.

இங்கே ஒரு குழப்பம் பலருக்கும் வருகிறது. தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது உப்பு உள்ளேயே தங்கிவிடும். அந்தக் குறையை மட்டும் ஈடுசெய்ய வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாம். பழைய தண்ணீரை வெளியே எடுத்துவிட்டுப் புதிது ஊற்றும்போது தாது கலந்ததுதான் வேண்டும். வாரம் 10 சதவீதம் மாற்றினால் போதும், அதே வெப்பத்தில், மெதுவாக. உரித்த சட்டை கிடந்தால் எடுத்துவிடாதீர்கள். அவையே அதைத் தின்று கால்சியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: அமானோ இறாலும் வைத்திருக்கிறேன். ஆயிரக்கணக்கில் முட்டை சுமக்கிறது, குஞ்சு மட்டும் வரவே இல்லையே, அக்கா?

பதில்: நன்னீரில் வராது. அமானோவின் முட்டையிலிருந்து வருவது குட்டி இறால் இல்லை, மிதக்கும் லார்வா. அது வளர உப்புத் தண்ணீர் வேண்டும், வளர்ந்த பிறகுதான் நன்னீருக்குத் திரும்பும். வீட்டில் செய்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதற்குத் தனித் தொட்டியும் மிகுந்த பொறுமையும் வேண்டும். முதலில் செர்ரியோடு பழகுங்கள்.

கேள்வி: சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றையும் ஒன்றாக விடலாமா?

பதில்: சண்டை போடாது, நன்றாக வாழும். ஆனால் மூன்றும் நியோகாரிடினா டேவிடி என்ற ஒரே இனம். கலந்து பெருகினால் சில தலைமுறையில் காட்டில் இருக்கும் பழுப்பு நிறத்துக்கே போய்விடும். நிறம் வேண்டுமென்றால் தொட்டிக்கு ஒரு நிறம். எனக்கு அந்தப் பழுப்பும் பிடிக்கும், உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு கோலம் இருக்கிறது.

கேள்வி: எட்டு மாதமாக நன்றாக இருந்த தொட்டி. 60க்கு மேல் இருந்தன. ஒரே இரவில் எல்லாம் துடிதுடித்துச் செத்தன. நத்தைகள் மட்டும் உயிரோடு இருக்கின்றன. அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். அன்று மாலை அறையில் கொசு மருந்து அடித்தோம், அவ்வளவுதான்.

பதில்: படித்ததும் மனசு கனத்துவிட்டது. அவ்வளவுதான் என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். கொசு, கரப்பான் மருந்துகளில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை நஞ்சு. பூச்சியும் இறாலும் கணுக்காலிகள். பூச்சியின் நரம்பைத் தாக்குவது இறாலின் நரம்பையும் தாக்கும், அதுவும் மிகக் குறைந்த அளவிலேயே. நத்தை அந்த வகையைச் சேர்ந்ததில்லை, அதனால் தப்பித்தது. அறைக் காற்றை ஏர் பம்ப் இழுத்து நேராகத் தண்ணீருக்குள் விட்டிருக்கும்.

நான் ஒரு தொட்டியை இழந்தது புதிதாக வாங்கிய செடியால். நாற்றங்காலில் அடித்த பூச்சிமருந்து இலையில் இருந்திருக்கிறது. இப்போது எந்தச் செடியானாலும் ஒரு வாரம் தனி வாளியில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றிய பிறகுதான் உள்ளே போகும். மீன் மருந்திலும் கவனம் வேண்டும், சிலவற்றில் தாமிரம் இருக்கும். இறாலின் இரத்தமே தாமிரம் கொண்டதுதான், இருந்தாலும் தண்ணீரில் கரைந்த தாமிரம் கொஞ்சம் கூடினாலே அதைக் கொன்றுவிடும்.

அந்த அறையில் இனி மருந்து அடிக்காதீர்கள், கொசுவலை கட்டுங்கள். தொட்டியின் தண்ணீரை முழுக்க மாற்றுங்கள், ஸ்பாஞ்சை மட்டும் குளோரின் இல்லாத தண்ணீரில் பிழிந்து அலசுங்கள். ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு இரண்டு வாரம் ஓடவிடுங்கள். நத்தைகள் இருப்பதால் பாக்டீரியாவுக்கு உணவு கிடைத்துக்கொண்டே இருக்கும், தொட்டியைப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. பிறகு மூன்றே மூன்று இறால் விட்டு ஒரு வாரம் பாருங்கள். அவை நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தால், மற்றவற்றைக் கொண்டுவரலாம்.