வண்டி சத்தம் கேட்டா டிவியை ஆஃப் பண்ற பொண்ணு

கேள்வி: சார், திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டரா இருக்கேன். பொண்ணு ப்ளஸ் ஒன். ஸ்கூல் ஆண்டு மலர்ல "வண்டி சத்தம்"னு ஒரு கதை எழுதிருக்கா. அப்பா வண்டி தெருமுனை திரும்புற சத்தம் கேட்டதும் அம்மா டிவியை ஆஃப் பண்றாங்க, பிள்ளைங்க புக்கை விரிச்சு வச்சுக்குறாங்க, வீடே கப்சிப். கடைசில அப்பா வேலை விஷயமா ஒரு வாரம் சூரத் போயிடறாரு, அப்பவும் ராத்திரி 9 மணிக்கு வேற யாரோட வண்டி சத்தத்துக்கோ அந்தப் பொண்ணு எந்திரிச்சு டிவியை ஆஃப் பண்ணிட்டு வாசலைப் பாக்குறா, அதோட கதை முடியுது. நான் நிஜமாவே போன வருஷம் சூரத் போனேன். மச்சான் இதை ஃபோட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டு மானமே போச்சு. ஒரு நாள் கூட கை நீட்டினதில்ல, ஓவர்டைம் பாத்து படிக்க வைக்கிறேன், 'தந்தை மகற்காற்றும் நன்றி'ன்னு வள்ளுவர் சொன்னதைத்தானே செய்றேன்? கதைப் புத்தகம் ஜாஸ்தி படிச்சு இப்படி ஆயிட்டாளா, லைப்ரரியை நிறுத்திடலாமா, அவகிட்டயே கேட்டுடலாமா?
பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்: லைப்ரரியை நிறுத்தாதீங்க சார், முதல்ல அதைச் சொல்லிடறேன். புத்தகம் படிச்சதால அவ இப்படி எழுதல, புத்தகம் படிச்சதால நல்லா எழுதிருக்கா, அவ்வளவுதான். எழுதின விஷயம் உங்க வீட்டு ஹால்ல இருந்துதான் வந்திருக்கு, அது உங்களுக்கும் தெரியும், தெரிஞ்சதாலதான் இவ்வளவு வலிக்குது.

மானம் போச்சுன்னு எழுதிருக்கீங்க. பாரதியாரோட அப்பா சின்னசாமி ஐயரை நினைச்சுப் பாருங்க. எட்டயபுரத்துல பெரிய மனுஷர், பையன் கணக்கும் இங்கிலீஷும் படிச்சு மேல வரணும்னு ஆசைப்பட்டவர், தப்பே இல்லாத ஆசை. அந்தப் பையன் வளர்ந்து சுயசரிதைப் பாட்டு எழுதுறான், அதுல என்ன இருக்கு? மத்த பசங்கல்லாம் மரமேறி இறங்கி ஆடிட்டிருக்க, அப்பா போட்ட சட்டத்துக்குப் பயந்து தான் மட்டும் "வீதி ஆட்டங்கள் ஏதினும் கூடிலேன்", புத்தகக் கும்பலோட தனியா உக்காந்திருந்தேன்ங்கறாரு. திருநெல்வேலிக்கு அனுப்பி இங்கிலீஷ் படிக்க வச்சதுக்கும் கணக்கு இருக்கு, அப்பாவுக்குச் செலவு ஆயிரம், எனக்குச் சேர்ந்த தீது பல்லாயிரம், எள்ளளவும் நன்மை இல்ல, இதை நாற்பதாயிரம் கோயில்ல வேணாலும் சொல்லுவேன்னு. உங்க மச்சானோட வாட்ஸ்அப் குரூப்ல எத்தனை பேரு சார், ஒரு நாப்பது பேரு இருப்பாங்களா?

ஆனா அதே பாட்டை விடாம படிச்சுட்டு போங்க. கொஞ்ச தூரத்துல அதே அப்பா திரும்ப வர்றாரு. எட்டயபுரத்துல ஒரு பருத்தி மில் ஆரம்பிச்சு நொடிச்சுப் போனவர் அவரு, பருத்திலயே பொழைக்கிற உங்களுக்கு அந்த நஷ்டம் எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. "எந்தை பெருந்துயர் எய்தி நின்றனன்"னு எழுதுறாரு பாரதி. பக்கத்துல நின்னு புகழ்ந்துட்டிருந்த பழைய நண்பர்கள் எல்லாம் கைய விட்டுட்டுப் போனதையும் சொல்றாரு. 1898ல அவர் சாகும்போது பாரதிக்கு 15 வயசு, கிட்டத்தட்ட உங்க பொண்ணு வயசு. தெருவுல விளையாட விடலையேன்னு குறைப்பட்ட அதே கண்ணுதான் அந்த மனுஷன் தனியா நின்னதையும் பாத்து வச்சிருக்கு, முதல்ல சொன்னதை மட்டும் ஃபோட்டோ எடுத்து குரூப்ல போட்டா அப்பா கொடுமைக்காரர், அவ்வளவுதான்.

இன்னொரு ஆள், காஃப்கா, ஜெர்மன் மொழில எழுதின பெரிய எழுத்தாளர். பாரதிக்கு ஏழு மாசம்கூட இளையவர் இல்ல, பிராக் நகரத்துல ஃபேன்சி பொருள் கடை வச்சிருந்த ஹெர்மன்ங்கறவரோட பையன். 1919ல, 36 வயசுல, அப்பாவுக்கு ஒரு லெட்டர் எழுதுறாரு, கையெழுத்துல நூறு பக்கத்துக்கு மேல. சின்னப் பிள்ளையா இருந்தப்போ ஒரு ராத்திரி தண்ணி வேணும் தண்ணி வேணும்னு நச்சரிச்சிருக்காரு, அப்பா தூக்கிட்டுப் போய் பால்கனில விட்டு கதவைச் சாத்திட்டாரு. அடி கிடையாது, ஒரு ராத்திரி, கொஞ்ச நேரம், அவ்வளவுதான், முப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் அது போகல. கை நீட்டினதில்லன்னு நீங்க எழுதினதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது, மன்னிச்சுக்கோங்க. சாப்பாட்டு மேஜைல சாப்பிடறதைத் தவிர வேற எதுவும் கூடாதுன்னு அப்பா சட்டம் போடுவாராம், அதே மேஜைல அவரு நகம் வெட்டுவாரு, பென்சில் சீவுவாரு, பல்குச்சியால காது குடைவாரு. ஏழு வயசுல வண்டி தள்ளிட்டு ஊர் ஊரா போனேன் தெரியுமான்னு சும்மா சும்மா சொல்லிக் காட்டுவாரு (நம்மூர் அப்பாக்கள் யாரோ டியூஷன் எடுத்த மாதிரி இருக்குல்ல?). பையன் புதுசா வந்த தன்னோட புத்தகத்தைக் கொண்டு வந்து நீட்டினா, சீட்டாடிட்டே, "கட்டில் பக்கத்து மேஜைல வை".

அந்த லெட்டர்லயும் இன்னொரு இடம் இருக்கு. காஃப்கா உடம்பு சரியில்லாம படுத்திருக்காரு, அப்பா சத்தம் போடாம வந்து ரூம் வாசல்லயே நின்னு, கழுத்தை மட்டும் நீட்டி எட்டிப் பாத்துட்டு, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு கையை மட்டும் ஆட்டிட்டுப் போறாரு. அந்த மாதிரி நேரத்துல சந்தோஷத்துல அழுதேன், இப்ப எழுதும்போதும் அழறேன்ங்கறாரு. அப்பாகிட்ட குடுக்கச் சொல்லி லெட்டரை அம்மாகிட்ட குடுத்தாராம், அம்மா குடுக்காம இவருகிட்டயே திருப்பிக் குடுத்துட்டாங்கன்னு அவரோட நண்பர் மாக்ஸ் பிராட் எழுதிருக்காரு. ஹெர்மன் கடைசி வரைக்கும் அதைப் படிக்கல. நீங்க படிச்சுட்டீங்க, மச்சான் புண்ணியத்துல.

இப்ப உங்க பொண்ணு கதையோட கடைசிய திரும்பப் பாருங்க. அப்பா ஊர்ல இல்ல. பயப்பட ஆளே இல்ல. டிவியை ஆஃப் பண்ணிட்டு அவ ஏன் சார் வாசலைப் பாக்கணும், புக்கை எடுத்திருக்கலாமே? எனக்கும் உறுதியா தெரியல அது பயம் விட்டுட்டுப் போன பழக்கமா இல்ல வேற ஏதாவதான்னு, ஆனா அப்பாவைப் பிடிக்காதவ அந்த இடத்துல கதையை நிறுத்திருக்க மாட்டா.

என் கதை ஒண்ணு. எங்கப்பா அரிசி மண்டில கணக்குப்பிள்ளை. பத்தாவது படிக்கும்போது ராத்திரி முழுக்க உக்காந்து எழுதின கவிதையை மேஜைல வச்சுட்டு ஸ்கூல் போனேன், சாயங்காலம் வந்து பாத்தா பின்பக்கத்துல பால் கணக்கு. ரொம்ப வருஷம் கழிச்சு அதை ஒரு பத்திரிகைல எழுதினேன், கொஞ்சம் காரமாவே. அப்பா கண்ணாடி போட்டு முழுசா படிச்சாரு, நான் சமையல்கட்டு வாசல்ல நின்னுட்டிருக்கேன், நெஞ்சு அடிச்சுக்குது. மடிச்சு வச்சுட்டுச் சொன்னாரு: "மாசம் 40 லிட்டர்னு போட்டிருக்க, நமக்கு 30தான். ஆதாரம் இல்லாம எழுதாத." அவ்வளவுதான் விமர்சனம். ஆனா படிச்சாரு பாருங்க, நான் இன்னும் அதைத்தான் சொல்லிட்டிருக்கேன்.

அதனால "ஏன்டி இப்படி எழுதுன"ன்னு மட்டும் கேக்காதீங்க, கேட்டா அடுத்த கதை உங்க கண்ணுல படாத நோட்டுக்குப் போயிடும். மச்சானுக்கு குரூப்ல விளக்கம் குடுக்காதீங்க, ரொம்ப நோண்டினா "நல்லா எழுதிருக்கால்ல?"ன்னு ஒண்ணு போட்டு விடுங்க. பொண்ணுகிட்ட ஆண்டு மலரை நேரா கேட்டு வாங்குங்க, அவ கண்ணு முன்னாடி உக்காந்து படிங்க, ஃபோனை எடுக்காம. ஏதாவது சொல்லியே ஆகணும்னா கதையைப் பத்திச் சொல்லுங்க, அந்த சூரத் இடம் நல்லா இருக்குன்னோ, நான் வர்றது 9 மணி இல்ல ஒன்பதரைன்னோ.

அப்புறம் அந்தக் குறள். நீங்க சொன்னது 67. அதுக்கு முன்னாடியே 65ல பிள்ளைங்க சொல்லைக் கேக்கறது காதுக்கு இன்பம்ங்கறாரு, 66ல குழல், யாழ்னு வேற அடுக்குறாரு. அவையில முந்தி இருக்க வைக்கிறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் வச்சிருக்காரு மனுஷன். உங்க வீட்டுல நீங்க வர்ற நேரத்துக்கு டிவில என்ன ப்ரோகிராம் ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியுமா? ஒரு நாள் வந்ததும், "எதுக்கு ஆஃப் பண்றீங்க, என்ன ஓடுது"ன்னு கேட்டு உக்காருங்க. முதல் நாள் எல்லாருக்கும் சங்கடமாத்தான் இருக்கும், உங்க வீட்டம்மா காய்ச்சலான்னு நெத்தியைத் தொட்டுப் பாத்தாலும் பாப்பாங்க.

ஆண்டு மலர் காப்பி எனக்கு ஒண்ணு வேணும். மச்சான்கிட்ட வாங்கி அனுப்பாதீங்க, பொண்ணுகிட்ட கேட்டு அனுப்புங்க.