முதல் பத்து கிலோமீட்டர்

வணக்கம் சார்,

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், வயது 34. 40 கி.மீ. டைம் ட்ரையலுக்காக (ஒவ்வொருவரும் தனியாக நேரத்தோடு போட்டியிடும் சைக்கிள் பந்தயம்) நாலு மாதமாக ஈசிஆரில் சைக்கிள் ஓட்டுகிறேன். முதல் பத்து கிலோமீட்டர் மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் போகிறேன். கடைசி பத்தில் 28-க்கு இறங்கிவிடுகிறது. நண்பர்கள் கார்பன் வீல் மாற்றச் சொல்கிறார்கள், 45 ஆயிரம் ஆகும். வாங்கலாமா?

செ.

அன்புள்ள செ.,

வீல் இப்போது வேண்டாம். நீங்கள் எழுதிய இரண்டு எண்களிலேயே விஷயம் இருக்கிறது. சீராக 32-ல் போனால் பத்து கிலோமீட்டருக்கு 18 நிமிடம் 45 விநாடி. 35-ல் போய் ஒன்றரை நிமிடம் மிச்சம் பிடிக்கிறீர்கள், 28-ல் இரண்டரை நிமிடத்துக்கு மேல் விடுகிறீர்கள். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால், காற்றைத் தள்ள மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தி வேண்டும். தொடக்கத்தில் அவ்வளவு கொடுத்தால் கடைசியில் கால் எங்கிருந்து வரும்? நானும் காலாப்பட்டில் பாய்ந்து கிளம்பி, மரக்காணம் உப்பளம் வருவதற்குள் தொடை கல்லாகி, எச்சில் பசைபோல உதட்டில் ஒட்ட, ஓரமாக நின்றிருக்கிறேன்.

வாரம் இரண்டு நாள் இதைச் செய்யுங்கள்: 20 நிமிடம் அழுத்தி ஓட்டி, 10 நிமிடம் மெதுவாகப் போய், மறுபடி 20 நிமிடம். ஒரு மூச்சில் மூன்று நாலு சொல் பேச வர வேண்டும், முழு வாக்கியம் வரக்கூடாது. இரண்டாவது இருபதில் தளர்ந்தால் முதலாவதில் அதிகம் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓட்டுகிற வேகம் போதும்.

அப்புறம் காற்று. வடகிழக்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ஈசிஆரில் வடக்கே மரக்காணம் பக்கம் போகும்போது எதிர்க்காற்று. அங்கேதான் அதிக நேரம் கழியும், அதனால் கூடுதல் சக்தியை அங்கே செலவழியுங்கள். திரும்பும்போது கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

காற்றை அதிகம் தடுப்பது சக்கரம் இல்லை, உங்கள் உடம்பு. 1989 டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாள் டைம் ட்ரையல் 24.5 கி.மீ. முன்கைகளை நீட்டி வைக்கும் ஏரோ பாரோடு வந்த கிரெக் லெமாண்ட், அதற்கு முந்தைய நாள் வரை 50 விநாடி பின்தங்கியிருந்தும், மொத்தத்தில் 8 விநாடியில் ஜெயித்தார். ஆனால் ஏரோ பாரில் படுத்தால் பிரேக் கைக்கு எட்டாது. நாயும் லாரியும் குறுக்கே வரும் நம் சாலையில் எனக்கு அது பயம். டிராப்பை, அதாவது ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடித்து, முழங்கையை மடக்கி, முதுகைத் தாழ்த்திப் பழகுங்கள். கழுத்து பழக ஒரு மாதம் ஆகும். தலையை மட்டும் குனியாதீர்கள்.

வரும் ஞாயிறு விடியற்காலை முதல் பத்தை 31-ல் ஓட்டிப் பாருங்கள். கடைசிப் பத்துக்கு எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதுங்கள்.