தினமும் கீரை சாப்பிட்டும் இரும்புச்சத்து ஏன் ஏறுவதில்லை?

உணவில் உள்ள சத்து குடல் வழியாக ரத்தத்துக்குப் போவதே உட்கிரகிப்பு. கீரை, பயறு, கேழ்வரகில் உள்ள இரும்பில் பெரும்பகுதி அப்படிச் சேராமலே வெளியேறிவிடும். அது பெரும்பாலும் குடல் செல்கள் அப்படியே ஏற்காத வடிவில் இருப்பதுதான் காரணம். வைட்டமின் சி அதற்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து, ஏற்கும் வடிவுக்கு மாற்றுகிறது. டவுன் பஸ்ஸில் 500 ரூபாய் நோட்டை நீட்டுவது போலத்தான். பணம் உண்டு, சில்லறை வேண்டும்.

ஆகவே கீரைக்கூட்டை அடுப்பிலிருந்து இறக்கி, சூடு தணிந்தபின் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி சிதையும். சாப்பிட்ட உடனே டீ, காபி வேண்டாம். அவற்றிலுள்ள டானின் போன்ற பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

எலுமிச்சையிலேயே இரும்பு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அதில் இருப்பது மிகச் சொற்பம், கீரையில் உள்ளதைச் சேரவைப்பதே அதன் வேலை.