அருங்காட்சியகத்தில் பயிற்சி: மாணவர் கேள்விகளுக்குக் காப்பாட்சியரின் பதில்கள்

அருங்காட்சியகங்களில் விடுமுறைக்காலப் பயிற்சி பெற விரும்பும் கல்லூரி மாணவர்களின் கேள்விகளுக்கு, பணி ஓய்வு பெற்ற காப்பாட்சியர் ஒருவர் இங்கே பதிலளிக்கிறார்.

நான் வேதியியல் இளங்கலை பயில்கிறேன். இந்தப் பயிற்சி வரலாறும் தொல்லியலும் படிப்பவர்களுக்கு மட்டும்தானா, ஐயா?

இல்லை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-ஆம் ஆண்டிலேயே வேதியியல் ஆய்வகம் ஒன்று தொடங்கப்பட்டு, எஸ். பரமசிவன் என்னும் வேதியியலாளர் அதில் பணியாற்றினார். அரித்துப்போன செப்புத் திருமேனிகளை, கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தும் மின்னாற்பகுப்பு முறையில் சீர்செய்யும் பணி அங்கே நடைபெற்றது. திருமேனியின் மீது வெளிர்பச்சைப் பொடி பூத்திருந்தால், புதியவர் அதைத் தூசி என்று எண்ணித் துடைத்துவிடுவார். உண்மையில், உலோகத்தினுள் தங்கிய குளோரைடு ஈரக்காற்றுடன் சேர்ந்து அமிலமாகிச் செம்பை அரிக்க, அந்த அரிப்பிலிருந்து மறுபடியும் குளோரைடு உருவாவதால், காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தாத வரை நோய்போல் தொடரும் இந்த அரிப்பு ஓயாது. சென்னை போன்ற கடற்கரை நகரில் இது எவ்வளவு பெரிய தலைவலி என்பதைச் சொல்லத் தேவையில்லை. கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட் விட்டு, வெண்ணிறமாகப் படிகிறதா என்று பார்க்கும் சோதனையை நீங்கள் கல்லூரியில் மதிப்பெண்ணுக்காகச் செய்திருப்பீர்கள். இங்கே, பொருளிலிருந்து குளோரைடு உப்பு முழுவதும் நீங்கிவிட்டதா என்பதை அறிய அதையே செய்கிறோம். எனவே விண்ணப்பத்தில் "அருங்காட்சியகப் பயிற்சி" என்று பொதுவாக எழுதாமல், வேதியியல் பாதுகாப்புப் பிரிவில் பயிற்சி வேண்டும் என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.

ஓர் அருங்காட்சியகத்தில் மூன்று வாரமாகப் பழைய பதிவேட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றும் வேலையை மட்டுமே தருகிறார்கள். இதுவும் ஒரு அனுபவமா?

அனுபவம்தான், ஆனால் பாதி அனுபவம். பதிவேடு இல்லாத அருங்காட்சியகம் வெறும் கிடங்கு. ஒரு பொருள் எந்த ஊரில், எவ்வழியாகக் கிடைத்தது என்னும் செய்தி அந்த ஒற்றை வரியில்தான் இருக்கிறது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணிலிருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தமிழகத்தின் செப்புத் திருமேனிகளில் பல இவ்வழியாகவே அருங்காட்சியகம் வந்து சேர்ந்தன. அவ்வரியில் ஊர்ப்பெயரை நீங்கள் பிழையாகத் தட்டச்சு செய்தால், பின்னால் வரும் ஆய்வாளர் வேறு ஊரில் போய்த் தேடுவார்.

ஆயினும், பதிவேட்டை மட்டும் காட்டிப் பொருளைக் காட்டாமல் வைத்திருப்பது அந்நிறுவனத்தின் குறை என்றே நான் கருதுகிறேன். பதிவேட்டில் உள்ள இருபது பொருள்களையாவது நேரில் சரிபார்க்க அனுமதி கேளுங்கள். உயரத்தை அளந்து, எண் அழிந்திருக்கிறதா என்று பார்த்து, "இடக்கையின் இரு விரல்கள் முறிந்துள்ளன" என்பது போல நிலைக்குறிப்பு எழுதுங்கள்; "சற்றுச் சேதம்" என்று எழுதினால், சேதம் முன்பே இருந்ததா, புதிதாக ஏற்பட்டதா என்பது அடுத்து வருபவருக்கு விளங்காது.

திருமேனிகளைத் தொட விடுவார்களா?

காப்பாட்சியர் உடனிருந்தால் விடக்கூடும். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை ஆகியவற்றைக் கழற்றிவிட்டுக் கையுறை அணிந்துகொள்ளுங்கள். திருவாசியையோ (திருமேனியைச் சூழ்ந்த வளைவு) திருமேனியின் கையையோ பிடித்துத் தூக்காமல், பீடத்தின் அடியில் இரு கைகளையும் கொடுத்தே தூக்க வேண்டும். போகுமிடத்தில் வைப்பதற்கு இடத்தை முதலில் ஒழித்து வைத்துவிட்டு அதன் பிறகே தூக்குங்கள். கையில் பொருளுடன் நின்றுகொண்டு மேசையைத் தேடுவதுதான் ஆபத்து.

உதவித்தொகை கிடைக்குமா?

பல இடங்களில் கிடைப்பதில்லை. சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பேருந்துச் செலவு, மதிய உணவு இரண்டையும் கணக்கிட்டு, கட்டுப்படியாகாவிட்டால் உங்கள் மாவட்டத் தலைநகரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறதா என்று பாருங்கள். பணியாளர் குறைவாக உள்ள சிறிய இடங்களில், எல்லா வேலையும் உங்கள் கைக்கு வரும்.

விண்ணப்பிக்கும்போதும் முடிக்கும்போதும் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதம், போனஃபைடு சான்றிதழ், நீங்கள் வரக்கூடிய நாள்கள் ஆகியவற்றுடன் விடுமுறைக்கு ஓரிரு மாதங்கள் முன்பே எழுதுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைத்து நாள்களைக் குறியுங்கள். முடிக்கும்போது, "பயிற்சியில் பங்கேற்றார்" என்னும் ஒற்றை வரிச் சான்றிதழோடு திரும்பாதீர்கள். எத்தனை பொருள்களைப் பதிந்தீர்கள், எத்தனை நிலைக்குறிப்புகள் எழுதினீர்கள், எந்த விளக்க அட்டையைத் தயாரித்தீர்கள் என்பவற்றை நீங்களே ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போய், உங்களுக்கு வேலை தந்த காப்பாட்சியர் மாற்றலாகிப் போவதற்குள் அதில் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.