எடை குறைந்த பின் நேர்வன: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

எடையைக் குறைக்க வழி கேட்டு எழுதுகிறவர்களே இப்பகுதிக்கு எப்போதும் அதிகம். அண்மைக் காலமாக, குறைத்து முடித்தவர்களிடமிருந்தும் கடிதங்கள் வருகின்றன. "இப்படியெல்லாம் ஆகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லையே" என்ற தவிப்பு அவற்றில் பலவற்றில் இருக்கிறது. அந்தக் குறை நியாயமானது. உணவுப் பட்டியல் எழுதிக் கொடுக்கும்போதே இவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் சிலர் பயந்துபோய் நல்ல முயற்சியைப் பாதியில் விடுகிறார்கள். வேறு சிலர், உடனே கவனிக்க வேண்டிய அறிகுறியைக்கூட "இளைத்தால் அப்படித்தான்" என்று தள்ளிப்போடுகிறார்கள். அக்கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மூன்று மாதங்களில் 18 கிலோ குறைத்தேன். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் வெள்ளரிக்காயும் மோரும், இரவில் பழம் மட்டும் என்று இருந்தேன். ஒரு மாதமாகத் தலை வாரும்போதெல்லாம் சீப்போடு கொத்தாக முடி வருகிறது. சித்திரை வெயிலிலும் மின்விசிறிக் காற்று குளிர்கிறது. எடையைக் குறைத்ததே தவறோ என்று தோன்றுகிறது. (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: குறைத்தது தவறன்று. குறைத்த வேகமும், அதற்காக நீங்கள் பட்டினி கிடந்த விதமும்தான் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

நம் தலைமுடியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு எந்த நேரத்திலும் வளரும் பருவத்தில் இருக்கும். எஞ்சியது ஓய்வுப் பருவத்தில் இருந்து, பிறகு உதிரும். உடலுக்குப் பெரிய நெருக்கடி வரும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பலவும் ஒரேயடியாக ஓய்வுப் பருவத்துக்குப் போய்விடுகின்றன. அவை உதிரத் தொடங்குவது இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத்தான் என்பதால், நெருக்கடிக்கும் உதிர்வுக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரிவதில்லை. இதை டெலோஜன் எஃப்ளூவியம் என்பார்கள். பிள்ளை பெற்ற சில மாதங்களிலும், டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சலுக்குப் பிறகும் முடி கொட்டுவதை நம் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு நேர்ந்திருப்பதும் பெரும்பாலும் அதுவே. வேர் சாகாததால், காரணம் நீங்கினால் பொதுவாக ஆறு மாதங்களுக்குள் உதிர்வு அடங்கி, முன்நெற்றி ஓரத்தில் குட்டை முடிகள் எழும்பத் தொடங்கும்.

எண்ணெயை மாற்றுவதால் இது நிற்காது. உங்கள் உணவில் புரதம் மிகக் குறைவு. சிறுநீரகக் கோளாறு இல்லாதவர் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் நாள்தோறும் புரதம் உண்ண வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் கிடைக்கும் என்பதை வைத்துப் பார்த்தால், பருப்பு, சுண்டல், மீன், தயிர் ஆகியவற்றுக்கு உங்கள் தட்டில் எவ்வளவு இடம் வேண்டும் என்பது விளங்கும். உடலில் சேமித்துள்ள இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் தைராய்டையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். முடிக்கு நல்லதென்று விற்கும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையைக் கடையில் நீங்களாகவே வாங்கி விழுங்க வேண்டாம். குறைபாடு இல்லாதவர்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை என்பதோடு, தைராய்டு பரிசோதனை முடிவையே அது தவறாகக் காட்டிவிடக்கூடும்.

குளிருக்கு வருவோம். தோலுக்கடியில் இருந்த கொழுப்பு வெப்பத்தைக் காத்து வந்தது, அது மெலிந்துவிட்டது. உணவு குறையும்போது உடல் தன் செலவையும் சுருக்கிக்கொள்வதால், உள்ளே உண்டாகும் வெப்பமும் குறைகிறது. குளிரோடு மலச்சிக்கலும் ஓயாத அசதியும் சேர்ந்திருந்தால் தைராய்டு பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவை ஒட்டிய வேகத்தில் குறைத்திருக்கிறீர்கள். அந்த அளவைத் தாண்டும்போது பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது. கொழுப்பு வேகமாகக் கரையும்போது கல்லீரல் பித்த நீரில் கொலஸ்ட்ராலை அதிகமாகக் கலக்கிறது. சரியாகச் சாப்பிடாததால் பித்தப்பை சுருங்கிக் காலியாவதும் குறைகிறது. தேங்கிய நீரில் கல் திரள்கிறது. வலப்பக்க விலாவுக்குக் கீழே, குறிப்பாக எண்ணெய்ப் பண்டம் உண்ட பிறகு, தோள் வரை பரவும் வலி வந்தால் அதை வாயு என்று விட்டுவிடாமல் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். இனி வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைந்தால் போதும்.

கேள்வி: ஓராண்டில் 22 கிலோ குறைந்தேன். சில வாரங்களாக நான் பேசுவது என் காதுக்குள்ளேயே குடத்துக்குள் பேசுவதுபோல முழங்குகிறது. மூச்சு விடும் சத்தமும் கேட்கிறது. படுத்தால் சரியாகிவிடுகிறது. காதில் அழுக்கு இல்லை என்கிறார்கள். (வாசகர், சேலம்)

பதில்: படுத்தால் சரியாகிறது என்று நீங்கள் எழுதிய ஒரு வரியே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடுகிறது. நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் இயல்பாக மூடியே இருக்கும்; விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மட்டும் திறக்கும். அதைச் சுற்றியுள்ள சிறு கொழுப்புத் திசு அது மூடியிருக்கத் துணை செய்கிறது. எடை குறையும்போது அத்திசுவும் மெலிந்து குழாய் திறந்தே நின்றுவிட்டால், தொண்டையின் ஒலிகள் நேரே காதுக்குள் வந்து சேரும். படுக்கும்போது அப்பகுதி இரத்த நாளங்கள் சற்றுப் புடைத்துக் குழாயை மூடுவதால் நிம்மதி கிடைக்கிறது. தண்ணீர் நிறையக் குடியுங்கள்; உப்புநீர் மூக்குச் சொட்டு சிலருக்கு உதவும். காது அடைப்பென்று நினைத்துச் சளி உலர்த்தும் மாத்திரைகளைப் போட்டால் தொல்லை கூடும். காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் சமீபத்தில் எடை குறைந்த செய்தியைச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அவருக்கும் இது எளிதில் பிடிபடாது.

இதே போன்ற இன்னொரு தொல்லை காலில் வரும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் துருத்தும் எலும்பை ஒட்டி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அதற்கு மெத்தையாக இருந்த கொழுப்பு கரைந்த பின், கால்மேல் கால் போட்டோ குத்துக்காலிட்டோ நெடுநேரம் உட்கார்ந்தால் நரம்பு நசுங்கிப் பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம். நடக்கும்போது ஒரு கால் செருப்பு மட்டும் நழுவுவதும், படியேறும்போது கால் விரல் இடறுவதும் அதன் தொடக்க அடையாளங்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள். அழுத்தத்தை நீக்கினால் பலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும். தரையில் உட்கார்ந்து வேலை செய்யும் தையற்காரர்களும் பூக்கட்டுகிறவர்களும் இதைக் குறிப்பாகக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

கேள்வி: கல்யாண மோதிரம் கை கழுவும்போது கழன்று விழுந்துவிட்டது. மெட்டியும் நிற்கவில்லை, செருப்பும் பெரிதாகிவிட்டது. பாதம்கூடவா இளைக்கும்? (வாசகி, விருதுநகர்)

பதில்: இளைக்கும். விரலிலும் பாதத்திலும் கொழுப்பும் நீரும் உண்டு. எடை சில மாதங்கள் ஒரே அளவில் நின்ற பிறகு பொற்கொல்லரிடம் கொடுத்துச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். அதுவரை மோதிரத்தின் உட்புறம் நூல் சுற்றி அணியலாம். வீட்டில் பல்செட் அணிந்த பெரியவர் யாரேனும் இளைத்திருந்தால் அதுவும் தளர்ந்து ஈற்றைப் புண்ணாக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்குக் கிளிமிபிரைடும், இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரைகளும் சாப்பிடுகிறார். நடைப்பயிற்சியாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் 9 கிலோ குறைந்திருக்கிறார். இப்போது பகல் பதினோரு மணிக்கு வியர்த்து, கை நடுங்கி, காரணமில்லாமல் எரிந்து விழுகிறார். ஒருநாள் கட்டிலிலிருந்து எழுந்தவுடன் தலைசுற்றிச் சாய்ந்துவிட்டார். (வாசகி, திருநெல்வேலி)

பதில்: இந்தக் கடிதங்களில் எனக்கு மிகுந்த கவலையளித்தது உங்களுடையதே. இதழ் வரும்வரை காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருப்பீர்கள் என்று நம்புகிறேன். 9 கிலோ கூடுதலாக இருந்த உடலுக்கு எழுதிய மருந்தளவு இன்றைய உடலுக்கு அதிகம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடியவை. வியர்வை, நடுக்கம், காரணமற்ற கோபம் மூன்றும் அதன் அடையாளங்கள். அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எழுந்தவுடன் தலைசுற்றியது அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைவதைக் காட்டுகிறது. அந்த வயதில் ஒருமுறை விழுந்தால் இடுப்பெலும்பு முறியக்கூடும். மருந்தளவை மருத்துவர் குறைத்துத் தருவார். தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் எடை நன்கு குறைந்த பின் அளவைச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

உங்கள் அப்பா முயன்று இளைத்தார். முயற்சி எதுவும் இல்லாமலே ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் ஒருவரது எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் அதைப் பாராட்டக் கூடாது. காசநோய், தைராய்டு, கட்டுப்பாடற்ற சர்க்கரை, புற்றுநோய் என எதுவாகவும் இருக்கலாம். பரிசோதித்துத்தான் அறிய வேண்டும்.

கேள்வி: நீர்க்கட்டி காரணமாகக் கருத்தரிப்பது கடினம் என்று சொல்லப்பட்டிருந்த என் மனைவி, எடை குறைத்த சில மாதங்களில் கருவுற்றிருக்கிறாள். நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. (வாசகர், ஓசூர்)

பதில்: வாழ்த்துகள். எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே சினைமுட்டை வெளிப்படுவது பலருக்கு மீண்டும் தொடங்கிவிடுகிறது. எடைக் குறைப்பு ஊசி ஏதேனும் போட்டுவந்தால் உடனே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். அவை கர்ப்ப காலத்துக்கு உரியவையல்ல. டிர்செபடைடு என்னும் ஊசி கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைக்கக்கூடும் என்பதை, இப்போது குழந்தை வேண்டாம் என்றிருக்கும் மற்றவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஒன்றரை ஆண்டில் 31 கிலோ குறைத்தேன். எனக்கு 29 வயது. நான்கு ஆண்டுகளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர்கள் இப்போது என்னைத் தேநீருக்கு அழைக்கிறார்கள். உறவினர் திருமணத்தில் ஓர் அத்தை "இப்பத்தான்டி பொண்ணு மாதிரி இருக்கே" என்றார், இன்னொருவர் "என்ன, சுகரா?" என்று கேட்டார். இரண்டுக்குமே எனக்கு அழுகை வந்தது. இன்றும் துணிக்கடையில் பழைய அளவைத்தான் கேட்கிறேன். பேருந்தில் பக்கத்தில் இருப்பவருக்கு இடம் போதாதோ என்று ஓரமாக ஒடுங்கி உட்காருகிறேன். இரண்டாவது தோசையை வேண்டாம் என்றால் அம்மா முகம் வாடுகிறது. மகிழ்ச்சியாக இருக்க வேண்டிய எனக்கு ஏன் இப்படி? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் அழுகையில் எந்தக் கோளாறும் இல்லை. "இப்பத்தான்" என்ற அத்தையின் சொல், இதற்கு முன் வாழ்ந்த 27 ஆண்டுப் பெண்ணை ஒரேயடியாகத் தள்ளிவைக்கிறது. அந்தப் பெண்தான் படித்தாள், வேலை வாங்கினாள், இந்த 31 கிலோவையும் குறைத்தாள். அவளைப் பார்த்தும் பாராமல் போனவர்கள் இன்று காட்டும் பரிவு உங்களைச் சுடுவது இயல்பு. எல்லாரையும் மன்னித்தாக வேண்டும் என்று உங்களை வற்புறுத்திக்கொள்ளாதீர்கள். தேநீருக்கு அழைப்பவர்களில் யாருடன் போக வேண்டும் என்பதை உங்கள் விருப்பப்படி முடிவு செய்யுங்கள். உடலைப் பற்றிப் பேச்செடுப்பவர்களிடம் "நன்றாக இருக்கிறேன் அத்தை, தம்பிக்குப் படிப்பு எப்படிப் போகிறது?" என்று பேச்சை மாற்றிவிடுவது மரியாதைக் குறைவாகாது.

நீங்கள் மட்டும் இப்படி இல்லை. சுவீடனில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அவர்களிடையே மணமுறிவும் புதிய திருமணமும் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டன. ஒருவர் உடல் மாறும்போது சுற்றியுள்ள உறவுகளும் இடம் மாறுகின்றன; நல்ல திசையிலும் மாறும், வலிக்கும் திசையிலும் மாறும்.

ஒடுங்கி உட்காருவதும் பழைய அளவைக் கேட்பதும், மனத்திலுள்ள உடல் உருவம் கண்ணாடியில் தெரியும் உருவத்தைவிட மெதுவாக மாறுவதால் நேர்பவை. பலருக்கு இது மாதக்கணக்கில் நீடிக்கும். துணிக்கடையில் விற்பனையாளரிடம் அளவெடுக்கச் சொல்லி, அவர் தருவதைப் போட்டுப் பாருங்கள். பழைய சுடிதார்களைப் பிடித்துத் தைத்துக்கொண்டே இருக்காமல், பொருந்தும் ஆடை இரண்டாவது வாங்குங்கள்.

பசியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அம்மாவின் தோசை அதில்தான் சம்பந்தப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் எடை குறைத்தவர்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஓராண்டுக்குப் பின்னும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆகவே சாப்பாட்டு நினைப்பு ஓயாதிருந்தால் உங்கள் மன உறுதி குறைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி இருந்தபோது, அவர்களுக்குச் சமையல் குறிப்புகளைச் சேகரிக்கும் ஆசை வந்தது. எரிச்சலும் சோர்வும் பிடித்துக்கொண்டன. போதாத உணவு மனத்தையும் வாட்டும். இப்போது நீங்கள் இன்னும் குறைக்க முயன்றுகொண்டிருந்தால், சில மாதங்கள் அதை நிறுத்தி, இருக்கும் எடையைக் காப்பதில் மட்டும் கவனம் செலுத்துங்கள்.

அம்மாவிடம் சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம் என்று மட்டும் சொல்லி எழுந்துவிடாதீர்கள். அவருக்குப் பரிமாறுவது அன்பைக் காட்டும் வழி. தோசை மறுக்கப்படும்போது தானே மறுக்கப்பட்டதாக அவர் நினைக்கிறார். அடை, பாசிப்பருப்புச் சுண்டல், கீரைக் கூட்டு என்று உங்களுக்கு ஏற்றவற்றை அவரிடமே செய்து தரச் சொல்லிக் கேட்டுச் சாப்பிடுங்கள்.

மாதவிலக்கு நின்றுபோனாலோ, சாப்பிட்டதை வலிந்து வாந்தியெடுக்கத் தோன்றினாலோ, ஒரு கவளம் கூடுதலாக உண்டதற்கு நாள் முழுதும் குற்ற உணர்வு வாட்டினாலோ, இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் கட்டணமில்லா டெலிமானஸ் எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.