ஐயாவின் பேரேடு

கேள்வி: எங்கள் ஐயா பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்தார். ஊருணி வெட்டிய புண்ணியவான் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். போன மாதம் பெட்டகத்தைச் சுத்தம் செய்தபோது அவருடைய பேரேடு கிடைத்தது. கடன் கட்டாதவர்களின் வயலை எழுதி வாங்கிய கணக்கு பக்கம் பக்கமாக இருக்கிறது. எரித்துவிடலாம் என்கிறார் அண்ணன். ஐயா நல்லவரா, கெட்டவரா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, தேவகோட்டை

பதில்: எரிக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1930 வாக்கில் உலகம் முழுக்க நெல் விலை சரிந்தது. ஐராவதிப் படுகையில் கடன் வாங்கியிருந்த விவசாயிகளால் அசலையும் கட்ட முடியவில்லை, வட்டியையும் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் வட்டிக்கடை நடத்திய செட்டியார்கள் கையில் இருந்தது. 1938-க்குள் அது 25 சதவீதம் ஆனது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்களில் பலருக்கு வேண்டியிருந்தது பணம்தான், வயல் இல்லை. போட்ட முதல் மண்ணில் முடங்கிப்போனது. இது ஐயாவின் பக்க நியாயம். ஆனால் வயலை எழுதிக் கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் அதே வயலில் குத்தகைக்கு நின்றார்கள். அதற்கு என்ன சொல்வது?

அந்தப் பேரேட்டில் மகமைக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். லாபத்தில் தருமத்துக்கென்று ஒதுக்கும் பங்கு அது. ஊருணிப் பணம் அதிலிருந்துகூடப் போயிருக்கலாம். வட்டியில் ஒரு தம்பிடி விடாத கறார்தான் மகமையிலும் ஒரு தம்பிடி குறையாமல் எடுத்து வைத்திருக்கும். அந்தக் கறார் இல்லாத மனிதராக இருந்திருந்தால் வயல்கள் தப்பியிருக்கும், ஊருணியும் வந்திருக்காது. இதில் எந்த இடத்தில் கோடு கிழிக்கச் சொல்கிறீர்கள், அம்மா?

உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. நல்லவர் என்று நான் சொன்னால் பேரேட்டை மூடிவிடுவீர்கள். கெட்டவர் என்றால், 'நாங்கள் அப்படி இல்லை' என்று ஒதுங்கிக்கொள்வீர்கள். இரண்டுக்கும் நான் இடம் தர மாட்டேன். நீங்கள் சாய்ந்து உட்கார்ந்து படித்த தூண் பர்மாத் தேக்காக இருந்தால், அந்தக் கணக்கில் உங்களுக்கும் பற்று உண்டு.

முன்னோர்களைக் கும்பிடும் அடுத்த படைப்புக்குப் பங்காளிகள் எல்லோரும் கூடுவீர்கள் இல்லையா? ஊருணி வெட்டிய கதையை அன்றைக்கும் சொல்லுங்கள், சொல்ல வேண்டிய கதைதான். அப்புறம் பேரேட்டை எடுத்து, வயலைக் கொடுத்தவர்களின் பெயர்களைப் பிள்ளைகள் முன்னால் வாசியுங்கள். பர்மியப் பெயர்கள், உச்சரிக்கக் கொஞ்சம் சிரமமாக இருக்கும். மெதுவாக வாசியுங்கள்.