மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இரவு 23:59:59 என்று சேமித்த நேரம் மறுநாள் 00:00:00 ஆவது ஏன்?

டைம்சோனைத் தோண்டிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். நானும் இரண்டு நாள் அங்கேதான் தோண்டினேன்.

சலுகைக் கூப்பன் ஒன்று ஜூன் 30 இரவோடு முடிய வேண்டும். ஜாவாவில் ஒரு நாளின் கடைசிக் கணத்தைக் குறிக்கும் லோக்கல்டைம்.மேக்ஸ் என்று போட்டேன். அதன் மதிப்பு 23:59:59.999999999, புள்ளிக்குப் பின் ஒன்பது 9. டேபிளில் போய்ப் பார்த்தால் ஜூலை 1, 00:00:00. திரையில் 'கடைசி நாள் ஜூலை 1' என்று வந்துவிட்டது. அன்று கூப்பனோடு வந்தவர்கள் சண்டை போட்டதில் தப்பே இல்லை.

வெறும் டேட்டைம் (தேதியும் நேரமும் சேர்ந்த வகை) என்று அறிவித்த ஃபீல்டில் நொடிக்குக் கீழே எதுவும் தங்காது. 5.6.4 பதிப்புக்கு முன்பெல்லாம் மைஎஸ்க்யூஎல் அந்தப் பின்னத்தை வெட்டி எறிந்துவிடும். அப்புறம் வந்தவை அரை நொடியைத் தொட்டாலே அடுத்த முழு நொடிக்குத் தள்ளிவிடும். எர்ரரும் வராது, வார்னிங்கும் வராது. '2023-06-30 23:59:59.5' என்பதை டேட்டைமாக காஸ்ட் செய்து (வகை மாற்றி) பாருங்கள், ஜூலை பிறந்துவிடும். மைஎஸ்க்யூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபி டேட்டாபேஸ் இயல்பாகவே வெட்டும் கட்சி. அதனால் ஒன்றில் எழுதி மற்றதில் ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் குழப்பும்.

சரி, டேட்டைம்(6) என்று மாற்றினால் போதுமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அதில் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம்தான் கொள்ளும். ஒன்பது 9-ஐக் கொடுத்தால் மறுபடியும் மறுநாள்தான்.

இதில் இன்னொரு கூத்து உண்டு. இப்போதைய நேரத்தைத் தரும் நவ்() பின்னத்தை வெட்டித்தான் தரும், ஆனால் உங்கள் கோட் அனுப்பும் நேரம் மேலே தள்ளப்படும். இப்போதுதான் டேபிளில் சேர்த்த வரிசை (ரோ) ஒரு நொடி எதிர்காலத்தில் நிற்கும், 'நவ்() வரை உள்ளவை' என்று கேட்டால் அகப்படாது. ஒரு தடவை தேறி மறுதடவை தோற்கும் டெஸ்ட் இருந்தால் இதையும் சந்தேகப்படுங்கள்.

நான் இப்போது நாளின் கடைசி நொடி என்ற ஒன்றையே சேமிப்பதில்லை. முடிவு ஜூலை 1, 00:00:00 என்றே வைத்து, அதற்குக் 'குறைவாக' இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். பிட்வீன் கிடையாது, அது முடிவு நேரத்தையும் சேர்த்துக்கொள்ளும். திரையில் காட்டும்போது ஒரு நாள் கழித்துக்கொள்வேன். பழைய கோடில் கைவைக்க முடியாதென்றால், 8.0 முதல் டைம்_ட்ரங்கேட்_ஃப்ராக்ஷனல் என்ற எஸ்க்யூஎல் மோட் (சர்வர் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றும் அமைப்பு) இருக்கிறது. அதைப் போட்டால் மறுபடி வெட்ட ஆரம்பித்துவிடும். ஏற்கெனவே ஜூலைக்குத் தாவிய வரிசைகளை மட்டும் நீங்கள்தான் கையால் திருத்த வேண்டும்.